அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை: முதல் வேளைக்கு முன் தொடங்கிக் கடைசி வேளை வரை

அக்கி என்று உறுதியானதும் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர். இரண்டும் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளவை. பெரும்பாலானோருக்குத் தொந்தரவு தராதவை. ஆனாலும் கோலாலம்பூர் செந்தூலில் மருந்தக முகப்பில் நின்ற ஆண்டுகளில், இந்த ஒரு வார மருந்தை வைத்துக்கொண்டு குடும்பங்கள் தடுமாறியதை நிறையவே பார்த்திருக்கிறேன். மாத்திரையில் கோளாறு இருந்ததில்லை. நோயாளி ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருந்த மற்ற மருந்துகளையும் அவருடைய சிறுநீரகத்தின் நிலையையும் யாரும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காததுதான் கோளாறு.

நம் ஊரில் இது எளிதில் நடந்துவிடுகிறது. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரசாங்க கிளினிக்கில் மருந்து. திடீர் காய்ச்சலுக்கும் கொப்புளத்துக்கும் வீட்டருகே தனியார் கிளினிக். அங்கே மருத்துவரே மருந்தையும் கையில் கொடுத்துவிடுவார். மூட்டுவலிக்கு மருந்துக் கடை. இந்த மூன்று இடங்களில் ஒன்றின் பதிவு மற்றொன்றுக்குத் தெரியாது. மூன்றுக்கும் பொதுவான ஆள் நோயாளியும் அவரை அழைத்துப் போகும் நீங்களும்தான்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். அளவைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. அவர் சரியாகத் தீர்மானிக்கத் தேவையானதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வீட்டுக்கு வந்தபின் கவனிப்பதும் உங்கள் வேலை.

1. கிளம்பும் முன்: பையைக் கட்டுங்கள்

வீட்டில் நோயாளி பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போடுங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிட இது மேல். "வெள்ளை மாத்திரை, சின்னது, பிரஷருக்கு" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் எதுவும் புரியாது. அட்டையையும் லேபிளையும் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அரசாங்க கிளினிக் மருந்துகளை மட்டும் போட்டால் போதாது. குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடக்கும் பொன்ஸ்தான் வலி மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூட்டுவலி மாத்திரை, சீன மருந்துக் கடைப் பொட்டலம், ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, சித்த மருந்துச் சூரணம் எல்லாமே உள்ளே போக வேண்டும். மக்கள் ‘மருந்து’ என்று கணக்கில் சேர்க்காதவைதான் அதிகம் வம்பு செய்கின்றன.

நீரிழிவு நோயாளி என்றால் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற எண் இருக்கும். தாள் கிடைக்கவில்லையென்றால் அதைத் தேடி அரை நாளை வீணாக்காதீர்கள். புதிதாக ரத்தம் எடுத்துக்கொள்ளலாம்.

எடையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

2. நேரத்தைக் கணக்கிடுங்கள்

இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை. அது பெருகுவதைத் தடுக்கிறது. அதனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எரிச்சலும் வலியும் கொப்புளத்துக்குச் சில நாட்கள் முன்பே வந்திருக்கும். கணக்கை வலியிலிருந்து தொடங்க வேண்டாம்; முதல் கொப்புளத்திலிருந்து தொடங்குங்கள்.

72 மணி நேரம் தாண்டிவிட்டால் போக வேண்டாம் என்று பொருளில்லை. புதிய கொப்புளங்கள் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தாலோ, வயதானவர் என்றாலோ, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் என்றாலோ அதற்குப் பிறகும் மருத்துவர் கொடுக்கலாம்.

ஓர் இடத்தில் மட்டும் கிளினிக்கைத் தாண்டி நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொப்புளம் நெற்றியிலோ, கண்ணைச் சுற்றியோ, மூக்கின் நுனியிலோ இருந்தால் கண்ணுக்குள்ளும் பரவக்கூடும். மூக்கு நுனிக்குப் போகும் நரம்பும் கண்ணுக்குப் போகும் நரம்பும் ஒரே கிளையிலிருந்து பிரிகின்றன. அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். காதில் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அப்படியே.

சீன நண்பர்கள் இதைப் பாம்பு என்பார்கள். இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. நம்மவர்களும் அதைக் கேட்டுப் பயந்துபோய் வருவார்கள். சாதாரணமாக அக்கி உடலின் ஒரு பாதியோடு நின்றுவிடும். அந்தப் பயத்தால் சீக்கிரம் வந்தார்கள் என்றால் நல்லதே என்று நான் திருத்தாமல் விட்டதும் உண்டு.

3. சிறுநீரக எண்ணைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அசைக்ளோவிர் உடலிலிருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. வாலசைக்ளோவிர் என்பது உடலுக்குள் போனதும் அசைக்ளோவிராக மாறும் மருந்து. குடல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் குறைந்த வேளைகள் போதும். எதை விழுங்கினாலும் கடைசியில் சுமை சிறுநீரகத்தின் மேல்தான். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து வெளியேறாமல் தேங்கும். தேங்கினால் மூளை குழம்பும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் மருந்தே படிகமாகப் படிந்து அடைக்கவும் கூடும்.

கிரியேட்டினின் எண்ணை அப்படியே பார்த்து ஏமாறாதீர்கள். என் தாயாருக்கு 74 வயதில் அக்கி வந்தது. எடை 48 கிலோ. கிரியேட்டினின் 115. வழக்கமான அளவைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். தாளைப் பார்த்த யாருக்கும் பயம் வராது. ஆனால் மருந்தளவுக்குப் பார்க்க வேண்டிய கணக்கு வேறு:

140-இலிருந்து வயதைக் கழியுங்கள். வருவதை எடையால் பெருக்குங்கள். பெண் என்றால் 1.04-ஆலும் ஆண் என்றால் 1.23-ஆலும் பெருக்குங்கள். கடைசியில் கிரியேட்டினினால் வகுங்கள். இது நம் ஊர் ஆய்வுக்கூடங்கள் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்ற அலகில் தரும் கிரியேட்டினினுக்கான கணக்கு.

அம்மாவுக்கு: 140 கழித்தல் 74, 66. அதை 48-ஆல் பெருக்கினால் 3168. 1.04-ஆல் பெருக்கி 115-ஆல் வகுத்தால் 28.6.

வாலசைக்ளோவிரின் வழக்கமான அளவு 1 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாட்கள். இந்த எண் 50-க்குக் கீழே இறங்கினால் நாளுக்கு இரண்டு வேளை. 30-க்குக் கீழே இறங்கினால் நாளுக்கு ஒரே வேளை. 10-க்கும் கீழே என்றால் நாளுக்கு 500 மில்லிகிராம் மட்டும். ஆக, அம்மாவுக்கு நாளுக்கு இரண்டு 500 மில்லிகிராம் மாத்திரைகள் போதும். வழக்கமான சீட்டின்படி ஆறு போயிருக்கும். மூன்று மடங்கு.

அதே தாளில் ஆய்வுக்கூடமே கணக்கிட்டு அச்சிட்ட சிறுநீரக வடிகட்டல் எண் 40-ஐத் தாண்டி இருந்தது. அது சராசரி உடலளவுக்குப் போட்ட கணக்கு. மெலிந்த, வயதான பெண்களுக்கு அது உண்மையைவிட அழகான எண்ணைக் காட்டிவிடும். எடையைத் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

அசைக்ளோவிருக்கு எல்லை வேறு: 800 மில்லிகிராம் வீதம் ஐந்து வேளை என்பது 25 வரை மாறாது. 10 முதல் 25 வரை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 10-க்குக் கீழே 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்துகொள்பவர்கள், சுத்திகரிப்பு நாளில் அது முடிந்த பிறகே அன்றைய மருந்தை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் இயந்திரம் கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்தக் கணக்கைப் போட்டு நீங்களே மாத்திரையைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணைத் தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள்: "டாக்டர், அம்மாவுக்கு எண் 30-க்குக் கீழே வருகிறது, அளவைப் பார்த்துச் சொல்கிறீர்களா?" கோபித்துக்கொண்ட மருத்துவரை நான் பார்த்ததில்லை. பேனாவை எடுத்துச் சீட்டைத் திருத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. லேபிளை வாசியுங்கள், மாத்திரையை எண்ணுங்கள்

நம் ஊர் லேபிள் பெரும்பாலும் மலாயில் இருக்கும். அசைக்ளோவிர் 200 மில்லிகிராம் மாத்திரை கொடுத்திருந்தால் "4 பீஜி, 5 காலி செஹாரி" என்று இருக்கும். ஒரு வேளைக்கு நான்கு மாத்திரை, அப்படி நாளுக்கு ஐந்து வேளை. மொத்தம் நாளுக்கு 20, ஏழு நாளுக்கு 140 மாத்திரைகள்.

இவ்வளவா என்று யாருக்கும் தோன்றும். ஒரு மகன், தன் அப்பாவுக்கு அவராகவே இரக்கப்பட்டு வேளைக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டார். "இத்தனை மாத்திரையை அப்பாவால் தாங்க முடியாது, அண்ணே" என்றார். உதட்டில் வரும் சாதாரணக் கொப்புளத்துக்குக் கொடுக்கும் அளவு அது. அக்கி அதற்கு மசியாது. மாத்திரை எண்ணிக்கை தொல்லையாக இருந்தால் 400 அல்லது 800 மில்லிகிராம் மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள். எண்ணிக்கை குறையும், அளவு குறையாது.

இன்னொரு தவறு களிம்பு. அசைக்ளோவிர் களிம்பைத் தடவிக்கொண்டு மாத்திரையை மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அக்கியின் வைரஸ் நரம்பு வழியாக வருகிறது. தோலின் மேல் தடவுவது அங்கே போய்ச் சேராது.

வீட்டில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால், லேபிளுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் கையெழுத்துக் கொட்டை எழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது.

5. பையைப் பிரித்து, மோதுவதைத் தனியே வையுங்கள்

முதல் படியில் கட்டிய பையை இப்போது மேசையில் கொட்டுங்கள். மருத்துவரோ மருந்தாளரோ உடன் இருந்து செய்தால் மிக நல்லது.

முதலில் வலி மாத்திரைகள். அக்கி வலி கொடுமையானது. பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. ஆனால் கை முதலில் போவது பொன்ஸ்தான் என்ற மெஃபெனாமிக் அமிலத்துக்கு, அல்லது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென். இவை சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. மருந்தை வெளியேற்ற வேண்டிய உறுப்பையே பிடித்து அமுக்கிவிட்டு, மேலே மருந்தைக் கொட்டுவது போல.

அதோடு அரசாங்க கிளினிக்கில் கொடுத்த பெரிண்டோபிரில் போன்ற ரத்த அழுத்த மருந்தும், நீர் பிரிய வைக்கும் ஃப்ரூசமைடோ ஹைட்ரோகுளோரோதயசைடோ இருந்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரென்று கீழே தள்ளலாம். நான் பார்த்த மோசமான நிலைகள் அநேகமாக இந்தக் கூட்டணியால் வந்தவை. இதற்காக ரத்த அழுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விலக வேண்டியது வலி மாத்திரை.

அதற்குப் பதிலாகப் பாராசிட்டமோல். 500 மில்லிகிராம் மாத்திரை, பெரியவர்களுக்கு வேளைக்கு இரண்டு வரை, நாளுக்கு எட்டைத் தாண்டாமல். மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அது போதவில்லை என்றால் மருத்துவர் நரம்பு வலிக்கான கேபபென்டினோ பிரிகேபலினோ கொடுக்கலாம். இவையும் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை. அளவு அதே எண்ணைப் பார்த்துத்தான். இரண்டுமே தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும் என்பதை நினைவில் வையுங்கள், எட்டாம் படியில் தேவைப்படும். டிராமடோல் என்ற வலி மருந்து கொடுத்தால், மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவரா என்பதைச் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும். நீரிழிவு நோயாளி விரலைக் குத்திப் பார்க்கும் வேளைகளைக் கூட்ட வேண்டும்.

நீரிழிவு மருந்துகள் அசைக்ளோவிரோடு நேரடியாக மோதுவதில்லை. சுற்றி வளைத்து மோதுகின்றன. வலியில் சாப்பாடு இறங்காது, தண்ணீரும் குறையும். சாப்பிடாமல் கிளிக்லசைடு போட்டால் சர்க்கரை தாழும். சிறுநீரகம் தளர்ந்த நிலையில் மெட்ஃபார்மின் தேங்கலாம். சாப்பாடு நின்றுபோனால் இவற்றை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு யாரைக் கேட்பீர்கள்?

நேரடியாக மோதுபவை சில. ஆஸ்துமாவுக்கோ நாட்பட்ட நுரையீரல் நோய்க்கோ தியோஃபிலின் சாப்பிட்டால், அசைக்ளோவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றும். படபடப்பு, வாந்தி, கை நடுக்கம் வரலாம். யூரிக் அமிலத்துக்கான புரோபெனெசிட்டும் வயிற்றெரிச்சலுக்கான சிமெடிடினும் அசைக்ளோவிர் வெளியேறுவதை மெதுவாக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. தளர்ந்தவருக்கு விஷயம்தான்.

மாற்று சிறுநீரகம் பொருத்தியவர்கள் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோஃபெனோலேட் போன்ற, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் இருப்பார்கள். அவர்கள் அக்கம்பக்கத்துக் கிளினிக்கில் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. தங்களைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரை அழைத்துச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் அப்படியே.

ஜாமு, பொட்டலம், சூரணம்: அட்டையில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரம் தொட வேண்டாம். பதிவில்லாத மூட்டுவலிப் பொட்டலங்களில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வலி மாத்திரையை மேசையிலிருந்து விலக்கிவிட்டு, அதையே பொட்டலமாக விழுங்குவதில் என்ன பயன்? நெடுநாளாகப் பொட்டலம் சாப்பிட்டவர் என்றால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மோதாதவையும் தெரிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், கொழுப்புக்கான சிம்வஸ்டாட்டின் போன்றவற்றை வழக்கம்போல் தொடரலாம். கோவிட் காலத்தில் பாக்ஸ்லோவிட் எடுத்தபோது கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களே என்று பலர் கேட்பார்கள். அது வேறு மருந்து. அதிலிருந்த ரிட்டோனாவிர் கல்லீரலில் மற்ற மருந்துகள் சிதைவதைத் தடுக்கும். அசைக்ளோவிர் அந்த வழிக்கே போவதில்லை.

6. கடிகாரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்

வாலசைக்ளோவிர் மூன்று வேளை என்றால் காலை 7, மாலை 3, இரவு 11. அசைக்ளோவிர் ஐந்து வேளை என்றால் 7, 11, 3, 7, 11. விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. இரவில் எழுப்ப வேண்டாம்.

சாப்பாட்டோடு கட்டிவைக்காதீர்கள். சாப்பிட்ட பின்னும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். "சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை" என்ற நம் வீட்டுச் சட்டத்தால் 11 மணி வேளையும் 3 மணி வேளையும் தவறிப்போகின்றன; அந்த நேரத்தில் யார் சாப்பிடுகிறார்கள்? கைத்தொலைபேசியில் மணி வைத்துவிடுங்கள்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

7. தண்ணீர்

படிகம் படியாமல் இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும். ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் ஒரு முழுக் குவளை, இடையிடையே இன்னும் சில. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. கடும் மஞ்சளாகவோ மிகக் குறைவாகவோ போனால் தண்ணீர் போதவில்லை.

இதய பலவீனத்துக்கோ சிறுநீரகச் செயலிழப்புக்கோ தண்ணீர் அளவு கட்டியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.

அக்கி சூட்டினால் வருகிறது என்று நம்பி இளநீரை வரிசையாக வெட்டிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. பொதுவாக அதில் தவறில்லை. ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. தளர்ந்த சிறுநீரகமும் பெரிண்டோபிரிலும் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும். அந்த நோயாளிக்கு வெறும் தண்ணீரே போதும்.

தைப்பூச விரதத்தின் நடுவில் அக்கி வந்த ஒரு அக்கா, ஒரு வேளை உணவும் கொஞ்சம் பாலுமாக மருந்தைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. முருகனுக்கு அடுத்த ஆண்டும் தைப்பூசம் வரும். நோன்பு காலத்தில் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்: பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இந்த மருந்தை எடுக்கக் கூடாது. நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதைப் பள்ளிவாசலில் கேட்டாலும் சொல்வார்கள்.

8. முதல் மூன்று நாட்கள் ஆளைக் கவனியுங்கள்

தலைவலி, குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு வரலாம். அவை பெரும்பாலும் தாமே அடங்கும். உடலெங்கும் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் ஒவ்வாமை. மருந்தை நிறுத்திவிட்டு அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

வயதானவர்களிடம் நீங்கள் தேட வேண்டியது குழப்பம். மருந்து தேங்கினால் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் இது தெரியவரும். பேச்சு குழறும். நாளும் கிழமையும் மறக்கும். இல்லாததைப் பார்ப்பார்கள். கை வெட்டி இழுக்கும். நடை தள்ளாடும்.

ஒரு பாட்டி, இறந்துபோன கணவர் வாசலில் நிற்பதாகச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் முதல் நாள் காற்று சேட்டை என்று விபூதி போட்டார்கள். மறுநாள், வயசாகிவிட்டது, மறதி நோய் வந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் மருந்து வாங்க வந்த பேத்தி தற்செயலாக என்னிடம் சொன்னாள். பாட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு. சீட்டில் முழு அளவு. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். மருந்தை நிறுத்தியதும் சில நாட்களில் தெளிந்துவிட்டார். கணவரைப் பார்த்ததை மட்டும் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கேபபென்டின் கொடுத்த வீடுகளில் "தூக்க மருந்து, அதனால்தான் இப்படி" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். தூங்குவது வேறு, குழம்புவது வேறு. எழுப்பி, இன்று என்ன கிழமை, நான் யார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருந்துப் பையோடு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதல் வாக்கியமாகவே "அக்கிக்கு வைரஸ் மருந்து சாப்பிடுகிறார், இரண்டாம் நாள்" என்று சொல்லுங்கள். பக்கவாதம் என்று நினைத்து அவர்கள் தேடத் தொடங்குவதற்கு முன் இது தெரிந்தால் நேரம் மிச்சம்.

9. புண்ணும் வீட்டாரும்

காவியைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. எழுதினால் மனசு ஆறும் என்று அம்மா சொன்னபோது நானும் மறுக்கவில்லை. புண்ணைத் தொடாமல், நல்ல தோலில் எழுதச் சொன்னேன். உடைந்த கொப்புளத்தின் மேல் காவியோ மஞ்சளோ வேப்பிலை அரைப்போ பூசினால் சீழ் பிடிக்கலாம். சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கவும் முடியாமல் போகும்.

கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றும். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை புண்ணை மூடிவையுங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அருகில் வர வேண்டாம். மாத்திரை தொடங்கிவிட்டோமே என்று இதில் தளராதீர்கள்.

நோயாளியே கர்ப்பிணி என்றாலும், பாலூட்டுபவர் என்றாலும், மருந்து கூடாது என்று தாமாக முடிவெடுக்க வேண்டாம். மருத்துவர் நன்மை தீமை பார்த்துக் கொடுப்பார். சொல்லாமல் மறைப்பதுதான் தவறு.

வீட்டில் யாராவது சின்னம்மைத் தடுப்பூசி போடவிருந்து, அவர் வேறு காரணத்துக்காக இந்த மருந்தில் இருந்தால், ஊசிக்கு ஒரு நாள் முன்பே மருந்தை நிறுத்தி, ஊசிக்குப் பின் 14 நாட்கள் தவிர்க்க வேண்டும்; உயிருள்ள வைரஸால் ஆன அந்தத் தடுப்பூசியை இந்த மருந்து பலனற்றதாக்கிவிடும். இதையும் ஊசி போடுபவரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

10. கடைசி வேளையும் மிச்ச மாத்திரையும்

நான்காம் நாளில் கொப்புளம் வற்றத் தொடங்கியதும் நிறுத்துபவர்கள் ஒரு கூட்டம். ஏழாம் நாள் முடிந்தும் வலி இருக்கிறதே என்று இன்னொரு அட்டை கேட்டு வருபவர்கள் இன்னொரு கூட்டம். எழுதிக் கொடுத்த நாட்கள் முடியும்வரை எடுங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள். மிஞ்சிய வலி நரம்பு காயப்பட்டதன் வலி. அதற்கு வைரஸ் மருந்தை நீட்டிப் பயனில்லை. மூன்று மாதம் தாண்டியும் வலி தொடர்ந்தால் அதற்கென்றே தனிச் சிகிச்சை இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து முடிந்தபின் ஒரு முறை ரத்தம் எடுத்துக் கிரியேட்டினினைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய எண்ணை எழுதி மருந்துப் பைக்குள் போட்டுவையுங்கள்.

அளவு குறைக்கப்பட்ட வீடுகளில் மாத்திரை மிஞ்சும். அம்மாவுக்கு 28 மிஞ்சியது. பக்கத்து வீட்டு மாமி தன் அண்ணனுக்கு வேண்டும் என்று கேட்டார். அவர் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். கொடுக்கவில்லை. அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் பயன்படாத மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மாமி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.